கோவிட் காலத்தில் தோட்டத்துச் சங்கம் என்ன செய்தது? மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

7 டிசம்பர் 2024 – ஒரு வாசகர் கேட்டது

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட நேரத்தில் எங்கள் அம்மாவுக்குத் தோட்டத்தில் பாதிச் சம்பளம்தான் வந்தது. சங்கச் சந்தாவை மட்டும் மாதம் தவறாமல் பிடித்தார்கள். ஆபீஸ் வாசலில் ஒரு மறியல் கூட இல்லை. இப்படி ஒரு சங்கம் எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

7 டிசம்பர், இரவு

தம்பி, கோபம் நியாயமானது. ஆனால் சங்கம் எதற்கு என்று நீங்கள் கேட்டு முடித்த இடம் எனக்குச் சம்மதமில்லை. நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மருந்தடிப்பும் உரம் போடுவதும் பார்த்தவள். 2020இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் எங்கள் தோட்டக் கமிட்டிக்குச் செயலாளர். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், என் சொந்தங்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அம்மா செக்ரோலில், அதாவது தோட்டத்தின் நேரடித் தொழிலாளர் பதிவேட்டில், பேர் உள்ளவரா, கண்ட்ராக்காரர் மூலம் வந்த கண்ட்ராக் ஆளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது.

8 டிசம்பர்

செக்ரோல் ஆள்தானாம், பல வருடச் சர்வீஸாம். அப்படியென்றால் அந்தப் பாதிச் சம்பளத்தைக் கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருக்கவும் வேண்டும்.

1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் 16ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கென்றே எழுதிய பிரிவு. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தர முடியாமல் போனாலும் சரி, தராமல் விட்டாலும் சரி, குறைகிற நாளுக்கு வேலை செய்ததாகவே கணக்குப் பார்த்துச் சம்பளம் போட வேண்டும். தொழிலாளியின் பக்கம் இரண்டே நிபந்தனை: வேலைக்கு வரத் தயாராக இருக்க வேண்டும், உடம்பும் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சொல்லாமல் நின்ற நாளையும் லீவு எடுத்த நாளையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா காலத்தில் மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குக் காசும் இல்லை. அந்தப் பட்டினியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். தொற்றுக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்களின் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதால் விரிவாக எழுதப் போகிறேன்.

8 டிசம்பர், மறுபடியும்

கீழே ஓர் அண்ணன் “அப்போது தோட்டமெல்லாம் மூடிக் கிடந்ததே, வேலை எப்படிக் கொடுப்பார்கள்?” என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. ஆணை 18 மார்ச் 2020இல் தொடங்கியது. முதல் சில நாள் குழப்பம், யாருக்கும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அப்புறம் தீபகற்பத்தில் செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனையோடு ஓடின. சபாவின் கிழக்குக் கரையில்தான் தொற்று அதிகமான சில மாவட்டங்களில் மாநில அரசு தோட்டங்களை மூடச் சொன்னது.

ஓட விட்டதற்குக் காரணம் பழம். குலையை வெட்டிவிட்டால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும். போட்டுவைத்தால் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். வெட்டாமல் மரத்தில் விட்டாலும் ஆகாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பழுத்து உதிர்ந்து உதிரிப் பழம் பொறுக்கவே ஆள் பற்றாது. அதனால் குலை வெட்டுகிற ஆண்களைக் கூப்பிட்டார்கள். மருந்து, உரம், புல் வேலை எல்லாம் தள்ளிப் போட முடிகிற வேலை. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்களிடம் “கூப்பிடும்போது வாங்க” என்றார்கள்.

தோட்டம் ஓடியது, ஆனால் பெண்களுக்கு ஓடவில்லை. தம்பியின் அம்மாவுக்கு வந்த பாதிச் சம்பளமும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

10 டிசம்பர்

மறியல் ஏன் இல்லை என்று கேட்டதற்கு வருகிறேன்.

அந்த நேரத்தில் வீட்டைவிட்டு 10 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. குடும்பத்துக்கு ஓர் ஆள்தான் சாமான் வாங்க வெளியே வரலாம். கூட்டம் கூடினால் தொற்று நோய்ச் சட்டத்தில் வழக்கு. இதை மீறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் பார்த்தோம். 2 ஜூன் 2020 அன்று ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் மருத்துவமனை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் மறியல் செய்தார்கள். குத்தகை நிறுவனம் சங்கத்தை ஒடுக்குகிறது, தங்களைச் சரியாக நடத்தவில்லை என்பது அவர்கள் புகார். முகக்கவசம் போட்டு, இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். 5 பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் மலேசிய சோசலிசக் கட்சியின் எம். சரஸ்வதி, வயதான அம்மா. நோயாளிகள் படுத்த வார்டைக் கூட்டித் துடைத்தவர்களுக்காகப் பேசியதற்குக் கைவிலங்கு.

அந்தச் செய்தி வந்த அன்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அந்தப் பெண்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எழுதி முடியாது. அதே நேரம், எங்கள் தோட்டத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு யார் சோறு போடுவது? அதனால் வேறு வழி தேடினோம்.

10 டிசம்பர், இரவு

அந்த வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

சட்டம் “வேலைக்குத் தயாராக இருந்தால்” என்கிறது. சாதாரண நாளில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாலே அதற்குச் சாட்சி. பெரட்டுக்கே கூடக் கூடாது என்றால் தயாராக இருந்தோம் என்று பிறகு எப்படிக் காட்டுவது? நாளைக்கே ஆபீஸில் “இவர்கள் வரவில்லை, பயந்து வீட்டில் இருந்தார்கள்” என்று சொன்னால் என்ன செய்வது? தொழிற்சங்க அதிகாரியிடம் போனில் பேசியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “எழுத்தில் வையுங்கம்மா, தேதியோட வையுங்க.”

வேலைக்குக் கூப்பிடாத பெண்கள் எல்லாரும் தினமும் விடியற்காலையில் மண்டோருக்கு (வேலை மேற்பார்வையாளருக்கு) வாட்ஸ்அப் அனுப்பினோம். பேர், செக்ரோல் நம்பர், “இன்று வேலைக்குத் தயார்.” எழுதத் தெரியாதவர்கள் குரல் செய்தி. பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவரின் குரல் செய்தியில் சேவல்தான் முதலில் கூவும், அப்புறம் அவர் பேர் வரும். மண்டோர் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அவரே, அனுப்பாத நாளில் “இன்னிக்கு யாரும்மா அனுப்பலை?” என்று கேட்க ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பெண்ணும் அந்தக் கணக்கில்தான் இருந்தாள்.

கூடவே நான் ஒரு நோட்டில் யாருக்கு எந்தத் தேதியில் வேலை கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைக்கவில்லை என்று எழுதி வந்தேன். மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்துச் சங்க அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் 16ஆம் பிரிவைக் காட்டி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். நிர்வாகம் “அரசாங்க ஆணை, எங்கள் கையில் இல்லை” என்றது. தர முடியாமல் போனாலும் சம்பளம் உண்டு என்றுதானே சட்டமே சொல்கிறது என்று மறு கடிதம் போனது. தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோவோம் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. இலாகாவுக்குப் போகத் தேவைப்படவில்லை. குறைந்த நாளுக்கான காசு இரண்டு தவணையாக வந்தது.

வாசலில் கொடி இல்லை தம்பி. ஆனால் இதைச் சங்கம் இல்லாமல் தனி ஒருத்தியாக நான் செய்திருக்க முடியாது. தனியாகக் கடிதம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

13 டிசம்பர்

சந்தாவைப் பற்றி. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுக்கிறது. சங்கச் சந்தாவைத் தொழிலாளி எழுதிக் கேட்டுக்கொண்டால்தான் பிடிக்கலாம். எங்கள் தோட்டத்தில் முகக்கவசத்துக்கும் கைகழுவும் மருந்துக்கும் என்று சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்தார்கள். யார் கேட்டோம்? இதே 24ஆம் பிரிவைக் காட்டித்தான் திருப்பி வாங்கினோம். சின்னத் தொகைதான். ஆனால் வேலை இடத்தைப் பத்திரமாக வைப்பது முதலாளியின் கடமை, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டப் பார்த்ததை இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

14 டிசம்பர்

அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1 பிப்ரவரி 2020 முதல் நகர, நகராண்மை எல்லைக்குள் 1,200, மற்ற இடங்களில் 1,100. எல்லாருக்கும் 1,500 என்றானது 1 மே 2022இல், அதுவும் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதலில். டன் கணக்கில் வெட்டுகிறவருக்கும் மாதக் கடைசியில் இந்தத் தொகைக்குக் குறையக் கூடாது.

19 டிசம்பர்

நோய் வந்த வீடுகளைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு தங்கை கேட்டார்.

2021இன் நடுவில்தான் எங்கள் லயத்துக்குள் வந்தது. இரண்டு அறை வீடு, தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே கூரையின் கீழ். தொலைக்காட்சியில் “தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்” என்று சொல்வார்கள். எந்த அறை? எந்தக் கழிப்பறை? கமிட்டி கேட்டுக்கொண்டதால் நிர்வாகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையைத் திறந்துவிட்டது. அந்த ஒன்றுக்கு அவர்களுக்கு நன்றி சொல்வேன். நோய் வந்தவர்கள் அங்கே, சாப்பாடு லயத்திலிருந்து முறை வைத்துப் போனது.

சண்டை வந்தது நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்கள் விஷயத்தில். கையில் இளஞ்சிவப்பு வளையம் கட்டி வீட்டிலேயே இரு என்று சுகாதார இலாகா சொல்லிவிடும். உடம்பு நன்றாக இருக்கும், எம்.சி. (மருத்துவச் சான்று) இருக்காது. “எம்.சி. இல்லையே, பின்னே எப்படிச் சம்பளம்?” என்பது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் கேள்வி. அரசாங்க மருத்துவ அதிகாரி தனிமைப்படுத்தல் ஆணை கொடுத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்லியிருந்தது. ஆகவே அந்த ஆணைக் கடிதத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வளையத்தைக் கழற்றியதும் கடிதத்தையும் தூக்கிப் போட்ட வீடுகளுக்குக் காசு வாங்கித் தருவது பெரும் பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட வைத்தோம்.

இரண்டு பேரை இழந்தோம். ஒருவர் எங்கள் கமிட்டியில் மூத்தவர், கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேசுவார். அவரை அடக்கம் செய்தபோது வீட்டார் கூடப் பக்கத்தில் போக முடியவில்லை. சட்டம், பிரிவு, நம்பர் என்று நான் எழுதிக்கொண்டே போவதால் இதை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

21 டிசம்பர்

“தமிழன் எப்போதுமே தோட்டத்தில் அடங்கித்தான் போனான்” என்று ஒரு பதிவு. வரலாறு தெரியாமல் இப்படி எழுதக் கூடாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கையில் இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், படையைக் கொண்டுவந்து அடக்கினார்கள். போருக்குப் பிறகு மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 4 மே 1949இல் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் எல்லாம் அடங்கியவர்களா?

கம்யூனிஸ்டுகளை அடக்க ஆங்கில அரசு போட்ட அவசரகாலம் ஜூன் 1948இல் தொடங்கியதே எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்ட சம்பவத்தைத் தொட்டுத்தான். அதற்குப் பிறகு பழைய சங்கங்கள் சிதறின. 1954இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் பல காலம் அதை நடத்தினார். பேசி முடிப்பது, தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போடுவது, வழக்குக்குப் போவது என்பது அதன் வழி. நம் சங்கம் மென்மையாகப் போகிறது என்று இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் தூக்குமரத்தையும் துப்பாக்கியையும் பார்த்த தலைமுறை கட்டிய சங்கம் இது. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கோபப்பட்டால் நல்லது.

28 டிசம்பர்

மேலே 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். படிப்பவர்களுக்கு நாங்கள் ஜெயித்துவிட்டதுபோல இருக்கும். செக்ரோலில் இருந்தவர்களுக்கு அது உண்மை. கண்ட்ராக் ஆட்களின் கதை வேறு.

அதே தோட்டத்தில், அதே பாத்தியில், அதே உரத்தைப் போட்டவர்கள் அவர்கள். சிலர் என் வகுப்புத் தோழிகள். தோட்டம் நேரடியாக ஆள் எடுப்பதைக் குறைத்தபோது கண்ட்ராக்காரர் மூலம் வந்தவர்கள். ஆணை போட்ட அன்று கண்ட்ராக்காரர் “வேலை இருந்தால் போன் பண்றேன்” என்றார். சிலருக்கு முந்தின மாதச் சம்பளமே பாக்கி. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டவில்லை, அதனால் வேலை இழந்தோர் காப்புறுதியும் கிடையாது. சங்கத்திலும் பேர் இல்லை. ஒரு தோழி என் வீட்டு வாசலில் நின்று, “உங்க நோட்டுல என் பேரையும் எழுதக் கூடாதா?” என்று கேட்டாள். எழுதினேன். ஆனால் அந்தக் கடிதம் யாருக்குப் போகும்? தோட்ட நிர்வாகம் “அவங்க எங்க ஆள் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

சட்டத்தில் இவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 33ஆம் பிரிவு. கண்ட்ராக்காரர் சம்பளம் தராவிட்டால், வேலையைக் குத்தகைக்கு விட்ட பெரிய முதலாளியிடமே கேட்கலாம், தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரை. ஆனால் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். நான் அவளிடம் சொன்னேன், படிவம் எழுதித் தருவதாகவும் சொன்னேன். அவள் பயந்தாள். கேஸ் போட்டவள் என்று பேர் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எந்தக் கண்ட்ராக்காரரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. 90 நாள் ஓடிவிட்டது. அவள் சேமநிதியில் மாதம் 500 வெள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டதை நம்பிப் போனாள். அவள் கணக்கில் இருந்ததோ பழைய தோட்ட வேலையில் சேர்ந்த கொஞ்சக் காசு. சில மாதத்தில் தீர்ந்தது.

வயதான காலத்துக்கு என்று ஒதுக்கிய காசை எடுத்துச் சாப்பிடச் சொன்னதை நிவாரணம் என்று பெருமையாகப் பேசினார்கள். எனக்கு அது இன்றும் பொறுக்கவில்லை.

29 டிசம்பர்

நேற்று எழுதியதற்கு ஒரு பதில்: “கண்ட்ராக் ஆட்கள் சந்தா கட்டவில்லை, சங்கம் ஏன் அவர்களுக்குப் பேச வேண்டும்?”

பேச வேண்டும். இன்றைக்குக் கண்ட்ராக்கில் இருக்கிறவள் நேற்றுவரை செக்ரோலில் இருந்தவள். செக்ரோலில் ஆள் குறையக் குறைய 24 நாள் சட்டம் யாரைக் காக்கும்? கடைசியில் காகிதத்தை மட்டும்தான் காக்கும்.

4 ஜனவரி 2025

வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு: பேச நிறைய இருக்கிறது, என்னால் கண்டதை மட்டும் சொல்ல முடியும்.

1 மே 2020, தொழிலாளர் தினத்தன்றே கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் குடிநுழைவு அதிகாரிகள் சோதனை போட்டுப் பலரைப் பிடித்துப் போனார்கள். அந்தப் படங்கள் போனில் வந்ததும் எங்கள் தோட்டத்துப் பையன்கள், பெர்மிட் உள்ளவர்கள் கூட, காய்ச்சல் வந்தால் கிளினிக் போகத் தயங்கினார்கள். பயந்து ஒளிகிற ஊரில் நோய் எப்படி அடங்கும்? அந்த நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறை ஆலைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரவியது. ஒரே அறையில் அடுக்கடுக்காகப் படுக்க வைத்தால் பரவத்தான் செய்யும். தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 1990இலிருந்தே இருக்கிறது, ஆனால் முன்பு தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும்தான். மற்ற தொழில்களுக்கும் நீட்டிய திருத்தம் 1 ஜூன் 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வெளிநாட்டவர் சங்கத்தில் உறுப்பினராகலாம், பொறுப்புக்கு வருவதற்குத்தான் தடை. எங்கள் கமிட்டி சில பேரைச் சேர்த்தது. பாஷை தெரியாத கூட்டத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். மலாயில் ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், கண் விரியும். மலாய் நன்றாகப் பேசும் ஒரு பெண்ணை அதற்கென்றே பொறுப்பில் போட்டோம்.

6 ஜனவரி

எண்ணெய் விலை பற்றி ஒரு குறிப்பு, யாரோ “தோட்டத்துக்கும் நட்டம்தானே” என்றதற்கு. 2020 மே மாதம் கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 2,000 வெள்ளி பக்கம் இறங்கியது உண்மை. 2022 மார்ச்சில் 7,000த்தைத் தாண்டியது. இறங்கியபோது “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றவர்கள் ஏறியபோது எவ்வளவு பகிர்ந்தார்கள் என்று அவரவர் சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

16 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்தேன். கேள்விகள் சேர்ந்துவிட்டன, ஒன்றுக்கு மட்டும் இன்று பதில்.

“மறுபடி இப்படி ஒரு நோய் வந்தால், ஆபத்து என்று தெரிந்தும் வேலைக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?” 2020இல் இதற்கு நான் உறுதியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள், 1 ஜூன் 2024 முதல் நடைமுறை. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நல்ல திருத்தம். ஆனால் எது உடனடி ஆபத்து என்று வாதாட வேண்டி வரும். குலை வெட்டும் இடத்தில் மின்கம்பி தொங்கினால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருமுகிறவர் ஆபத்தா? அதற்கும் ஒரு நோட்டு, ஒரு சாட்சி, ஒரு கமிட்டி வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உங்கள் தோட்டத்துக் குழுவில் தொழிலாளர் சார்பில் யார் இருக்கிறார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

25 ஜனவரி

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அம்மாவிடம் பேசினாராம். அந்த ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை அம்மா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாராம். கமிட்டி என்று ஒன்று அவர்கள் தோட்டத்தில் பேருக்குத்தான் இருந்ததாம். செயலாளர் டவுனுக்குக் குடிபோனபின் யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

இதுதான் விஷயம் தம்பி. சந்தா போகிற இடத்தில் கடிதம் எழுத ஆள் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து கணக்கு போகாவிட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? உங்கள் கோபத்தில் ஒரு பங்கு தலைமையகத்துக்குப் போகட்டும், செயலாளர் இல்லாத தோட்டத்தை எட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. மறு பங்கு தோட்டத்துக்குள் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு.

அம்மாவின் பழைய பாக்கியை இப்போது கேட்க முடியுமா என்று கேட்டீர்கள். தள்ளிப் போடாமல் அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து, எந்த மாதம் எத்தனை நாள் என்று எழுதி, சங்க அதிகாரியிடமும் தொழிலாளர் இலாகாவிலும் நேரில் கேளுங்கள். இத்தனை வருடம் ஆனபின் சுலபமாக இருக்காது. ஆனாலும் கேளுங்கள்.

2 பிப்ரவரி

நேற்று முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் எல்லாவற்றுக்கும் இப்போதே, சின்ன இடங்களுக்கு 1 ஆகஸ்டிலிருந்து. சம்பளத்தை ஏற்றிவிட்டு வேலை அளவையும் சேர்த்து ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். முன்பு 2013இல் முதன்முதலில் 900 வெள்ளி வந்தபோதும் இந்தப் பேச்சு வந்தது.

கடந்த செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கச் சட்டமும் மாறியிருக்கிறது. ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் அமைக்கலாம். சிலர் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கிறார்கள். எனக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி கவலை. கண்ட்ராக் பெண்களைச் சேர்க்கும் சங்கம் ஒன்று இதனால் வருமானால் வரவேற்பேன். ஒரு லயத்தில் மூன்று சங்கம், மூன்று கொடி, மூன்று தலைவர் என்று போனால் நிர்வாகத்துக்குத்தான் கொண்டாட்டம். இதைப் பற்றி வேறு தோட்டத்தில் இருப்பவர்கள் எழுதினால் படிக்க ஆசை.

9 பிப்ரவரி

தைப்பூச வேலையில் இருக்கிறேன், சுருக்கமாக.

என் தோழி, 28 டிசம்பரில் நான் எழுதினேனே, அவள் இப்போது வேறு கண்ட்ராக்காரரிடம் இருக்கிறாள். அவளோடு வேலை செய்யும் நாலைந்து பேர் பூசத்துக்கு அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறார்கள். கண்ட்ராக்காரர் தொழிலாளர் இலாகாவில் பதிந்திருக்கிறாரா, சொக்சோ கட்டுகிறாரா என்பது முதல் கேள்வி. சங்க அதிகாரியையும் வரச் சொல்லியிருக்கிறேன், உறுப்பினர் படிவத்தோடு. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்தில் இதே நிலையில் இருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன். சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாதவர்கள் வேலை செய்த தேதிகளையாவது எழுதிக்கொண்டு வாருங்கள்.